இரண்டு நிமிட ஃபார்மட், ராத்திரி முழுக்கக் காப்பி

ஆடியோ புத்தகங்களுக்கு வாசித்துப் பதிவு செய்வது என் வேலை. அந்தப் பதிவுகளை வெட்டி ஒட்டிச் சுத்தம் செய்து தருவது என் தங்கை மகள். இதுநாள் வரை இருவரிடமும் விண்டோஸ்தான். 2 டிபி எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் ஒன்று எங்கள் இருவருக்கும் நடுவே போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தது. அவள் மேக் வாங்கினாள். அன்றைக்கே போன் வந்துவிட்டது: "பெரியம்மா, டிரைவ் திறக்குது, ஃபைல் எல்லாம் தெரியுது, கேக்கவும் முடியுது. ஆனா எதையும் உள்ள போட முடியல, அழிக்கவும் முடியல. டிரைவ் போயிடுச்சா?"

டிரைவுக்கு ஒன்றும் ஆகவில்லை. அது என்டிஎஃப்எஸ் முறையில் ஃபார்மட் ஆகியிருந்தது, அவ்வளவுதான். 1993-ல் விண்டோஸ் என்டி 3.1 உடன் வந்த முறை அது. மைக்ரோசாஃப்டின் சொந்தச் சரக்கு. மேக் அதைப் படிக்கும், எழுதாது. காசு கொடுத்து ஒரு டிரைவர் மென்பொருள் வாங்கிப் போட்டால் எழுதலாம்தான். எனக்கு அதில் மனம் ஒப்பவில்லை. மேக்ஓஎஸ் புதுப் பதிப்பு வரும்போதெல்லாம் அந்த மென்பொருளும் கூடவே ஓடி வர வேண்டும். அப்புறம், அவள் இதை வேறு யாருடைய மேக்கிலாவது சொருகினால் மறுபடி அதே கதை. டிரைவையே மாற்றிவிடுவது நல்லது என்று தோன்றியது.

என்டிஎஃப்எஸ் போன்ற இந்த முறைகளுக்கு ஃபைல் சிஸ்டம் என்று பெயர். அது கிடங்கில் உட்கார்ந்திருக்கும் கணக்குப்பிள்ளை மாதிரி. எந்த ஃபைலின் எந்தத் துண்டு டிஸ்கில் எங்கே கிடக்கிறது, அதன் பெயர் என்ன, எப்போது மாறியது, எந்த இடம் காலி என்பதெல்லாம் அவர் பேரேட்டில்தான் இருக்கும். கணக்கு எழுதும் முறையை மாற்றச் சொன்னால் அவர் பழைய பேரேட்டைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக ஒன்றைத் திறப்பார். சரக்கு எங்கே இருக்கிறது என்று பிறகு யாருக்கும் தெரியாது. ஆகவே "ஃபைல் சிஸ்டத்தை மாற்றுவது" என்று நாம் சொல்வதெல்லாம் உண்மையில் மூன்று வேலை: எல்லாவற்றையும் வெளியே எடுத்து வைப்பது, ஃபார்மட் செய்வது, திரும்ப உள்ளே வைப்பது. நடுவில் உள்ளதற்கு இரண்டு நிமிடம்கூட ஆகாது.

உள்ளே இருப்பதை அசைக்காமலே மாற்றும் வழி விண்டோஸில் ஒன்றே ஒன்று உண்டு. கன்வர்ட் என்ற கட்டளை ஃபேட்32-ஐ அப்படியே என்டிஎஃப்எஸ் ஆக்கும். அது ஒருவழிப் பாதை. திரும்பி வர முடியாது, எக்ஸ்ஃபேட்டுக்கும் அது உதவாது. "டேட்டா போகாமல் எந்த முறையிலிருந்தும் எந்த முறைக்கும்" என்று விளம்பரம் செய்யும் மென்பொருள்களை நான் தொடுவதில்லை. அதைப் போடும் முன் பேக்கப் எடுத்துக்கொள்ளுங்கள் என்று அவர்களே சொல்கிறார்கள். பேக்கப் எடுத்த பிறகு அந்த மென்பொருள் எதற்கு?

சரி, எந்த முறைக்கு மாற்றுவது? இதற்குப் பதில் டிரைவில் இல்லை, அதைச் சொருகப்போகும் சாதனங்களில் இருக்கிறது. எல்லாம் விண்டோஸ் என்றால் என்டிஎஃப்எஸ்ஸை விட்டு நகர வேண்டாம். எல்லாம் புது மேக், டிரைவும் எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத வகை) என்றால் 2017-ல் வந்த ஏபிஎஃப்எஸ். லினக்ஸ் மட்டும்தான் என்றால் ஈஎக்ஸ்டி4. இதிலெல்லாம் யோசிக்க ஒன்றும் இல்லை. என் மாதிரிக் கலவையான வீடுகளுக்குத்தான் தலைவலி. விண்டோஸ் தானாக ஏபிஎஃப்எஸ்ஸையும் படிக்காது, ஈஎக்ஸ்டி4-ஐயும் படிக்காது. மிஞ்சுவது இரண்டு: ஃபேட்32, எக்ஸ்ஃபேட்.

ஃபேட்32 எல்லா இடத்திலும் ஓடும். 1996-ல் விண்டோஸ் 95-இன் திருத்தப் பதிப்போடு வந்தது. பழைய டிவி, கார் ஸ்டீரியோ, கேமரா எதில் சொருகினாலும் கண்டுகொள்ளும். ஆனால் ஒவ்வொரு ஃபைலின் அளவையும் அது 32 பிட்டில் எழுதி வைக்கிறது. 32 பிட்டில் அடங்கும் மிகப் பெரிய எண் 4,294,967,295. அதாவது 4 ஜிபிக்கு ஒரு பைட் குறைவு. அதற்கு மேல் ஒரு ஃபைல் பெரிதாக முடியாது. டிரைவில் 1 டிபி காலியாகக் கிடந்தாலும், 5 ஜிபி வீடியோவைப் போட்டால் "இந்த ஃபைல் சிஸ்டத்துக்கு ஃபைல் மிகப் பெரியது" என்று விண்டோஸ் சொல்லும். நிறையப் பேர் இதை இடமில்லை என்று புரிந்துகொண்டு மற்றதை அழிக்க ஆரம்பிப்பார்கள். சில கேமராக்கள் நீளமான வீடியோவைத் துண்டு துண்டாகச் சேமிப்பதற்கும் இதுதான் காரணம்.

இங்கே என் தொழில் சம்பந்தமாக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஒலிப்பதிவைச் சேமிக்கும் வேவ் ஃபைலுக்கும் அதே 4 ஜிபி வரம்பு உண்டு, அது ஃபைல் சிஸ்டத்தால் வருவதல்ல. வேவ் ஃபைலின் தொடக்கத்தில் அளவைக் குறிக்கும் இடமே 32 பிட்தான். 96 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், ஸ்டீரியோவில் பதிந்தால் மணிக்குச் சுமார் 2 ஜிபி. இரண்டு மணி நேரத்தைக் கொஞ்சம் தாண்டியதுமே வரம்பு வந்துவிடும். டிரைவை என்னவாக மாற்றினாலும் அது மாறாது. ஆர்எஃப்64 போன்ற விரிவாக்கப்பட்ட வடிவில் சேமித்தால்தான் தாண்டலாம். வாசிப்புக் குரலுக்கு 48 கிலோஹெர்ட்ஸ் மோனோவே எனக்குத் தாராளம் என்பதால் நான் அந்தப் பக்கம் போவதில்லை.

எக்ஸ்ஃபேட் 2006-ல் வந்தது. 4 ஜிபி தடை கிடையாது, விண்டோஸும் மேக்கும் இரண்டும் எழுதும். மேக்கில் 2010 முதல், பதிப்பு 10.6.5-லிருந்து இருக்கிறது. லினக்ஸில்தான் நெடுநாள் இழுபறி, காப்புரிமை விவகாரம். 2019-ல் மைக்ரோசாஃப்ட் அதன் விவரக்குறிப்பை வெளியிட்ட பிறகுதான் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலுக்குள்ளேயே அது வந்தது. அதற்கு முன் செய்த பல டிவிகளும் பிளேயர்களும் எக்ஸ்ஃபேட்டைப் பார்த்தால் வெறும் டிரைவ் என்று நினைத்துக்கொள்வதற்கும் மைக்ரோசாஃப்டுக்குக் கொடுக்க வேண்டியிருந்த உரிமக் கட்டணம் ஒரு காரணம்.

அதன் குறையையும் சொல்ல வேண்டும். எக்ஸ்ஃபேட்டில் ஜர்னல் கிடையாது. என்டிஎஃப்எஸ் "இதைச் செய்யப்போகிறேன்" என்று ஒரு குறிப்பு எழுதிவிட்டுத்தான் தன் கணக்கை மாற்றும். பாதியில் கேபிள் பிடுங்கப்பட்டால் அடுத்த முறை அந்தக் குறிப்பைப் பார்த்து நேர்செய்துகொள்ளும். அப்போதும் ஃபைலின் உள்ளடக்கத்துக்கு உத்தரவாதம் இல்லை, ஃபோல்டர் கணக்கு மட்டும் பிழைக்கும். எக்ஸ்ஃபேட்டுக்கு அந்தப் பாதுகாப்பும் இல்லை. அதனால் எக்ஸ்ஃபேட் டிரைவை நான் தூக்கிப் போய் வரும் ஒரு பை மாதிரித்தான் வைத்திருக்கிறேன். எதற்கும் ஒரே பிரதி அதில் இருக்காது. மூலப் பதிவுகள் என் மேஜையை விட்டு நகராத இன்னொரு டிரைவில், என்டிஎஃப்எஸ்ஸிலேயே இருக்கின்றன.

முடிவு செய்தாயிற்று. அடுத்து டிரைவின் உடல்நிலை. ஃபார்மட் செய்வதற்கு முன் கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மாதிரி ஏதாவது ஒன்றில் அதன் ஸ்மார்ட் விவரங்களை, அதாவது டிரைவ் தன் உடல்நிலையைத் தானே குறித்து வைப்பதை, பார்ப்பது என் வழக்கம். பழுதாகி இடம் மாற்றப்பட்ட செக்டர்கள் (டிஸ்கின் சின்னத் துண்டுகள்), படிக்க முடியாமல் முடிவுக்குக் காத்திருக்கும் செக்டர்கள் என்று இரண்டு வரி இருக்கும். இரண்டிலும் பூஜ்யம் இருந்தால் நிம்மதி. காத்திருப்பவை ஏறிக்கொண்டே போனால் அந்த டிரைவுக்கு வேண்டியது ஃபார்மட் இல்லை. உள்ளே இருப்பதை உடனே எடுத்துவிட்டு வேறு வாங்குவதுதான்.

இனி உண்மையான வேலை. டிரைவில் கிட்டத்தட்ட 1.2 டிபி இருந்தது. அதைத் தற்காலிகமாக வைக்க என்னிடம் வீட்டு நெட்வொர்க்கில் இருக்கும் ஸ்டோரேஜ் பெட்டிதான் இருந்தது. எவ்வளவு நேரம் ஆகும் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். யுஎஸ்பி 3-ல் சொருகிய சுழலும் டிஸ்க், பெரிய ஃபைல்கள் என்றால் நொடிக்குச் சுமார் 100 எம்பி போகும், 1.2 டிபிக்கு மூன்றே கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். அதையே பழைய யுஎஸ்பி 2 பொந்தில் சொருகினால் நொடிக்கு 35 எம்பி போவதே பெரிது; ஒன்பதரை மணி நேரம். பொந்துக்குள் நீலப் பட்டை தெரிகிறதா என்று எட்டிப் பார்ப்பது வீண் போகாது. குட்டிக் குட்டி ஃபைல்கள் நிறைய இருந்தால் இந்தக் கணக்கெல்லாம் பொய்த்துவிடும். அதனால்தான் ராத்திரி ஓடவிட்டுவிட்டுப் படுத்தேன்.

இழுத்துப் போடும் காப்பியை இவ்வளவு பெரிய வேலைக்கு நான் நம்புவதில்லை. விண்டோஸிலேயே இருக்கும் ரோபோகாப்பி என்ற காப்பிக் கட்டளையைப் பயன்படுத்துகிறேன். மேக்கிலும் லினக்ஸிலும் ஆர்சிங்க் இருக்கிறது. ரோபோகாப்பியில் ஒன்று கவனிக்க வேண்டும்: ஒரு ஃபைல் போகவில்லை என்றால், நாம் வேறு சொல்லாதவரை, 30 நொடிக்கு ஒரு தரமாகப் பத்து லட்சம் முறை மீண்டும் முயற்சி செய்யும். உண்மையாகவே பத்து லட்சம். மீள்முயற்சியை ஒன்றாகக் குறைத்து, என்ன நடந்தது என்பதை ஒரு லாக் ஃபைலில் எழுதச் சொல்லிவிட்டுத்தான் ஓடவிடுவேன்.

காலையில் லாக்கின் அடியில் இருக்கும் சுருக்கத்தைப் பார்த்தேன். தோல்வி என்ற பத்தியில் சில ஃபைல்கள். எல்லாமே தமிழ்ப் பெயர் உள்ளவை, எல்லாமே நீளமான பெயர்கள்.

விஷயம் இதுதான். என்டிஎஃப்எஸ்ஸிலும் எக்ஸ்ஃபேட்டிலும் ஒரு பெயருக்கு 255 எழுத்துக் குறிகள் வரை இடம் உண்டு. என் ஸ்டோரேஜ் பெட்டிக்குள் ஓடுவது லினக்ஸ், ஃபைல் சிஸ்டம் ஈஎக்ஸ்டி4. அங்கேயும் 255 தான், ஆனால் அது 255 பைட். ஆங்கிலத்தில் ஒரு எழுத்துக்கு ஒரு பைட் என்பதால் வித்தியாசமே தெரியாது. தமிழில் ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட். "முன்னுரை" என்பது நம் கண்ணுக்கு நான்கு எழுத்து. யூனிகோடில் எட்டுக் குறி. ஈஎக்ஸ்டி4-க்கு 24 பைட். இந்தக் கணக்கில் 42 எழுத்தைத் தாண்டினாலே சிக்கல்தான். நானோ புத்தகப் பெயர், அத்தியாயத் தலைப்பு, எத்தனையாவது வாசிப்பு, எதைத் திருத்த வேண்டும் என்பது வரை ஃபைல் பெயரிலேயே எழுதி வைக்கும் ரகம். அந்தப் பெயர்களைச் சுருக்கிவிட்டு மறுபடி ஓடவிட்டேன், போய்விட்டன. தமிழில் பெயர் வைப்பவர்கள் லினக்ஸ் பெட்டிக்குப் பேக்கப் எடுத்தால் லாக்கைப் படிக்காமல் ஃபார்மட் பக்கம் போகாதீர்கள்.

காப்பி ஆனதும் சரிபார்ப்பு. இரு பக்கமும் ஃபைல்களின் எண்ணிக்கையும் மொத்த பைட் எண்ணிக்கையும் ஒன்றா என்று பார்ப்பது முதல் படி. ஜிபியைப் பார்க்கக் கூடாது, பைட்டைப் பார்க்க வேண்டும்; ஒரே டிரைவை மேக் 2 டிபி என்றும் விண்டோஸ் 1.81 டிபி என்றும் காட்டும், ஒன்று ஆயிரத்தால் வகுக்கிறது, மற்றது 1024-ஆல். "டிஸ்கில் பிடிக்கும் அளவு" என்ற வரியையும் ஒப்பிடாதீர்கள், அது ஃபைல் சிஸ்டத்துக்கு ஏற்ப மாறும். இரண்டாவது படி செக்சம், அதாவது ஃபைலின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் ஒரு சரிபார்ப்பு எண். எல்லாவற்றுக்கும் பொறுமை இல்லை என்றால், போனால் திரும்பக் கிடைக்காதவற்றுக்கு மட்டுமாவது ஷா-256 என்ற செக்சம் போட்டு ஒப்பிடுங்கள். நான் மூலப் பதிவுகளுக்கு மட்டும் செய்தேன். முடிக்கப்பட்ட எம்பி3-களை மறுபடி உருவாக்கிக்கொள்ளலாம்.

தங்கை மகளிடம் பழைய மேக் ஒன்றிலிருந்து வந்த பேக்கப் டிஸ்கும் இருந்தது, எச்எஃப்எஸ் பிளஸ் முறை. அதையும் ஒப்பிட்டபோது "கொடி" என்ற ஃபோல்டர் இரு பக்கமும் இருந்தும், ஒப்பிடும் மென்பொருள் அதை வெவ்வேறு ஃபோல்டர் என்றது. எச்எஃப்எஸ் பிளஸ் பெயர்களைப் பிரித்துச் சேமிக்கும். கொ என்பதில் இருக்கும் ஒகரக் குறியை அது எகரக் கொம்பு, கால் என்று இரண்டாக்கிவிடும். திரையில் அச்சு அசலாக ஒன்று, உள்ளே குறிகள் வேறு. கொ, கோ, கௌ வரிசை எழுத்துகள் உள்ள பெயர்களில் மட்டும் இப்படி இரட்டையாகத் தெரிந்தால் பயப்பட வேண்டாம், இதுதான் காரணம்.

ஃபார்மட்டை விண்டோஸிலேயே செய்தேன். மற்ற எல்லா எக்ஸ்டர்னல் டிரைவுகளையும் கழற்றிவிட்டு, இதை மட்டும் சொருகி, பெயரையும் அளவையும் சத்தமாகப் படித்துவிட்டுத்தான் கை வைப்பேன். ஒரே அளவில் இரண்டு டிரைவ் சொருகியிருக்கும்போது இந்த வேலையே கூடாது. டிரைவின் மேல் வலது கிளிக், ஃபார்மட். வரும் சின்னப் பெட்டியில் ஃபைல் சிஸ்டம் என்ற பட்டியல் இருக்கும். 32 ஜிபிக்கு மேற்பட்ட டிரைவுக்கு ஃபேட்32 இந்தப் பட்டியலிலேயே வராது. அது ஃபேட்32-இன் வரம்பு அல்ல, அந்தப் பெட்டியின் வரம்பு. 2024-ல் மைக்ரோசாஃப்ட் தன் சோதனைப் பதிப்பில் கட்டளை வரிக்கு அதை 2 டிபி ஆக உயர்த்தியது. எனக்கு வேண்டியது எக்ஸ்ஃபேட், அதைத் தேர்ந்தேன்.

அதற்குக் கீழே ஒதுக்கீட்டு அளவு என்று ஒன்று. பெரும்பாலும் யாரும் அதைத் தொடுவதில்லை, ஆனால் எக்ஸ்ஃபேட்டில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டிய இடம் அதுதான். இந்த அளவுள்ள ஒரு துண்டுக்குக் கிளஸ்டர் என்று பெயர்; எந்த ஃபைலும் டிஸ்கில் முழு முழுக் கிளஸ்டர்களாகத்தான் இடம் பிடிக்கும். என்டிஎஃப்எஸ்ஸில் கிளஸ்டர் வழக்கமாக 4 கேபி. எக்ஸ்ஃபேட்டில், 32 ஜிபிக்கு மேற்பட்ட டிரைவுக்கு விண்டோஸ் தானாக வைப்பது 128 கேபி. ஒரு மணி நேரப் பதிவுக்கு இது ஒரு பொருட்டே இல்லை. 2 கேபி குறிப்பு ஃபைலுக்கும் 128 கேபி போய்விடும். எடிட்டிங் மென்பொருள் அலைவடிவம் வரைய உருவாக்கும் குட்டி ஃபைல்கள் 40 ஆயிரம் இருந்தால், உள்ளே இருப்பது 80 எம்பி, டிஸ்கில் பிடிப்பது கிட்டத்தட்ட 5 ஜிபி. அதற்காக நான் கிளஸ்டரைக் குறைக்கவில்லை. பெரிய ஃபைல்களுக்கு 128 கேபி நன்றாகவே இருக்கிறது. பழைய புராஜெக்ட் ஃபோல்டர்களை ஒவ்வொன்றாக ஜிப் செய்து வைத்துவிட்டேன். உங்கள் டிரைவில் பெரும்பாலும் குட்டி ஃபைல்கள்தான் என்றால் 32 கேபி தேர்ந்துகொள்ளுங்கள்.

கடைசியாக, குயிக் ஃபார்மட் டிக். அதை விட்டுவைத்தால் புதுப் பேரேடு மட்டும் திறக்கப்படும், பழைய பைட்டுகள் மேலெழுதப்படும்வரை அங்கேயே கிடக்கும். எடுத்துவிட்டால், விண்டோஸ் விஸ்டாவிலிருந்து, டிஸ்க் முழுவதும் பூஜ்யம் எழுதப்படும். 2 டிபிக்கு ஐந்தரை மணி நேரம் போல. டிரைவைக் கைமாற்றப்போகிறீர்கள் அல்லது அதன் ஆரோக்கியத்தில் சந்தேகம் என்றால் முழு ஃபார்மட். எஸ்எஸ்டி என்றால் வேண்டாம். எனக்கு இரண்டும் இல்லை, குயிக்கே போதும். எச்சரிக்கைக்கு ஓகே சொன்னேன், பெருமூச்சு விடும் முன் முடிந்துவிட்டது. திரும்ப உள்ளே காப்பி செய்ய இன்னொரு ராத்திரி.

மேக்கிலேயே செய்வதாக இருந்தால், டிஸ்க் யுடிலிட்டியில் முதலில் எல்லாச் சாதனங்களையும் காட்டச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் டிஸ்குக்குள் பிரித்த பகுதியான பார்ட்டிஷன் மட்டும் தெரியும், மேலே உள்ள டிஸ்க் தெரியாது. டிஸ்கையே தேர்ந்து, எக்ஸ்ஃபேட், ஸ்கீம் (டிஸ்கின் பகுதிகளைக் குறித்து வைக்கும் முறை) என்ற இடத்தில் ஜியுஐடி. பழைய எம்பிஆர் ஸ்கீம் சுமார் 2 டிபியோடு நின்றுவிடும், 4 டிபி டிரைவில் பாதி காணாமல் போகும்.

டிரைவ் இப்போது அவளிடம் போய் வந்துவிட்டது, எழுதுவதில் பிரச்சினை இல்லை. வந்தபோது ஒவ்வொரு ஃபைலுக்கும் பக்கத்தில், புள்ளியும் அடிக்கோடும் முன்னால் வைத்து அதே பெயரில் ஒரு குட்டி ஃபைல் உட்கார்ந்திருந்தது. மேக் தன் கூடுதல் தகவல்களை எக்ஸ்ஃபேட்டில் வைக்க வேறு இடம் இல்லாததால் செய்யும் வேலை இது. 4 கேபிதான், ஆனால் ஒவ்வொன்றும் ஒரு கிளஸ்டரைப் பிடிக்கும். வைரஸ் இல்லை. கழற்றும் முன் அவளை டெர்மினலில் டாட்கிளீன் கட்டளையை ஓட்டச் சொல்லியிருக்கிறேன். அது அந்தத் தகவல்களை முடிந்தவரை மூல ஃபைலோடு சேர்த்து ஒழுங்கு பண்ணிவிடும்.

எஜெக்ட் கொடுக்காமல் கேபிளைப் பிடுங்கக் கூடாது என்பதையும் அழுத்திச் சொல்லிவிட்டேன். "அதான் எப்பவும் பண்றேனே பெரியம்மா" என்றாள். பண்ணாவிட்டால், அடுத்த முறை மேக் அந்த டிரைவைக் காட்டும் முன் பின்னணியில் சோதனை ஓட்டும். பெரிய டிரைவில் அது முடியும்வரை டிரைவ் திரையிலேயே வராது, செத்துவிட்டது என்றே தோன்றும். விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தால் காத்திருக்க வேண்டியதுதான்.

ஹாலில் இருக்கும் பழைய டிவிக்கு எக்ஸ்ஃபேட் புரியவில்லை. அதற்கென்று 32 ஜிபி பென் டிரைவ் ஒன்றை ஃபேட்32-இல் வைத்திருக்கிறேன். எங்கள் எம்பி3 எதுவும் 4 ஜிபிக்குப் பக்கத்தில்கூடப் போகாது.